மயிலுக்குப் போட்ட கண்

எடுத்த வேலையை முடிக்கத் தெரியாதவள் என்று எனக்கு வீட்டில் பெயர். அதில் பொய் ஒன்றும் இல்லை. இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் எங்கள் வீட்டு உத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடைப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்கிக் கொட்டினால் பாதியில் நின்ற வேலைகள் மட்டும்தான் விழும். குரோஷாவில் பின்ன ஆரம்பித்துக் கால்வாசியில் விட்ட மேசை விரிப்பு ஒன்று. எங்கள் வீட்டில் மேசையே கிடையாது. வாசலுக்குத் தோரணம் என்று தொடங்கி நான்கு குஞ்சலத்தோடு நின்றுபோனது ஒன்று. நீல நூலில் ஒரு குல்லா. யாருக்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது, மரக்காணத்தில் குல்லா போடும் அளவுக்கு எவனுக்குக் குளிர்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தலையணை உறை. அதில் எம்ப்ராய்டரியில் ஒரு மயில். தோகை முடிந்திருந்தது. காலும் இல்லை, கண்ணும் இல்லை.

"இந்தா, அந்த மயிலு எப்பத்தான் நடக்கும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார்.

"நீ வாங்கித் தர்ற நூலுக்கு அது உக்காந்திருக்கிறதே பெருசு" என்பேன்.

அவருக்கு இது விளையாட்டு. எனக்கும் பாதி விளையாட்டுதான். பத்தாவது வரை படித்த பள்ளியில் தையல் வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரி, கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, உனக்குக் கைதான் மூளை என்று சொன்னார். அவர் பாராட்டினாரா திட்டினாரா என்று இன்று வரை எனக்குத் தெளியவில்லை. அன்று பழகியது விடவில்லை. விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பின்னிக்கொண்டிருக்கும் நேரத்தில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

முடிக்காததற்குக் காரணமும் உண்டு. வீட்டுக்காரர், மாமியார், நான், மூன்று பேரும் உப்பளத்தில் கூலி வேலை. மாசியில் பாத்தி கட்டினால் புரட்டாசி மழை வரை உப்புதான். அந்த மாதங்களில் கை இரண்டும் உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்துவிடும். வெடித்த விரலில் நூலைப் பிடித்தால் ஒவ்வொரு கண்ணிக்கும் தோலில் மாட்டி இழுக்கும். தேங்காயெண்ணெய் தடவினால் விரல் ஆறும், நூல் கறுக்கும். எனவே மழைக்காலத்தில் மட்டும்தான் பை கீழே இறங்கும். இறங்கியதும் பழையதை எடுத்து முடிப்பேனா? மாட்டேன். மனம் புதிதாக ஒன்றைத் தொடங்கத்தான் ஓடும். ஏழெட்டு மாதம் வெயிலில் உப்பை வாரியவளுக்கு மறுபடியும் பழைய வேலையே எதிரில் வந்து உட்கார்ந்தால் எரிச்சல் வராதா?

சுனாமி வந்துபோன அந்த வருடத் தொடக்கத்தில் பாத்தியெல்லாம் சேறு. வேலை தள்ளிப்போனது. அனுமந்தைப் பக்கம் கடலுக்குப் போகும் குடும்பத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லித்தர ஆட்கள் வந்திருந்தார்கள். எங்கள் பேர் பட்டியலில் கிடையாது. ஆனாலும் போய் வாசலில் நின்றேன். நின்ற காலுக்கு இரண்டு சிட்டம் பச்சை நூல் கிடைத்தது. மயிலின் கழுத்து அந்தப் பச்சைதான்.

எங்கள் ஊரில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ஊசியைத் துணியில் குத்தி வைக்கவே கூடாது. உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் துரு ஏறி, துணியில் பழுப்புப் பொட்டு விழுந்துவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்க வேண்டும். நான் இதை ஒழுங்காகச் செய்வேன். ஒரே ஒரு தடவை செய்யவில்லை.

கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து அந்த வைகாசியில் எனக்கு நாள் தள்ளியது. ஆறு வருடத்தில் நான் கேட்ட பேச்சையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் இன்னொரு முடியாத வேலை ஆகிவிடும். ஆனியிலும் ஆடியிலும் உப்பளத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஆவணி பிறந்ததும் மாமியார் நிறுத்திவிட்டார். "கூடையத் தலையில வச்சது போதும். ஊட்டுல குந்து" என்றார். அவர் பேசுவது எப்போதும் அப்படித்தான், கல்லை எடுத்து வைப்பது மாதிரி. என்னிடம் மட்டும் இல்லை, எல்லோரிடமும்.

புரட்டாசி அமாவாசையன்று சூரிய கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது. எனக்கு ஐந்தாம் மாதம் முடிகிற நேரம். வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தில் வெளியே வரக்கூடாது, எதையும் வெட்டக்கூடாது, நறுக்கக்கூடாது, நகத்தால் சொறியக்கூடாது. முக்கியமாக ஊசி எடுக்கக்கூடாது. எடுத்தால் பிள்ளைக்கு உதடோ காதோ பின்னமாகிவிடும். இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பத்தாவது படித்த எனக்கு, அது சும்மா என்றும் தெரியும், பயமும் தெரியும். இரண்டும் ஒரே மண்டைக்குள் சண்டை போடாமல் குடியிருந்தன.

மாமியார் மதியமே அருவாமணை, கத்தி, கத்தரிக்கோல், என் முந்தானையில் இருந்த ஊக்கு வரை பொறுக்கி எடுத்துப் பின்கட்டில் வைத்துவிட்டார். சோற்றுப் பானையில் தர்ப்பை போட்டார். கதவைச் சாத்திப் பாய் விரித்து, "ஆடாம அசையாம படு. நான் இங்கயேதான் குந்திக்கினு இருப்பேன்" என்று என் தலைமாட்டில் உட்கார்ந்தார். பாவம், இறந்துபோன மாமனாருக்கு அமாவாசைப் படையல் என்று விடியற்காலையில் எழுந்தவர். கொஞ்ச நேரத்தில் சுவரில் சாய்ந்தார். அப்புறம் சரிந்தார். அப்புறம் குறட்டை கேட்டது.

நான் ஆடாமல் அசையாமல் படுத்திருந்தேன். முதுகு வலித்தது. ஓட்டு இடுக்கு வழியாக வெளிச்சம் தரையில் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. எல்லாப் பொட்டும் ஓரத்தில் கொஞ்சம் கடித்து எடுத்த மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. தலைக்கு வைத்திருந்ததை எடுத்துச் சரி செய்யலாம் என்று கையை விட்டால், அது அந்த மயில் உறை. முந்தின நாள் வேலை செய்துவிட்டு, தூக்கம் வந்து, ஊசியை அப்படியே குத்தி வைத்திருந்தேன். கறுப்பு நூல் கோத்தபடி.

நான் ஏன் எடுத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். சலிப்பு என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. இரண்டு மாதமாக நில், உட்கார், படு, தின்னு என்று மற்றவர்கள் சொன்னதையே செய்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. மயிலுக்குக் கண் வைக்க ஒரு முடிச்சுத் தையல் போதும். ஊசியில் நூலை மூன்று சுற்றுச் சுற்றி, துணியில் இறக்கி, இழுத்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. போட்டேன். கத்தரிக்கோல் இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். மாமியார் குறட்டை நின்றது. திரும்பிப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. உறையைத் தலைக்கடியில் வைத்துப் படுத்துக்கொண்டேன்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர் என் கையில் கொடுக்காமல் ஒரு நொடி நின்றார். "பயப்படாதம்மா, ஆபரேசன் பண்ணிக்கலாம்" என்றார். குழந்தையைக் காட்டும் முன்பே ஆபரேசன் என்கிறார்களே என்று எனக்குப் பகீர் என்றது. மேலுதடு இடது பக்கம் மூக்கு வரை பிளந்திருந்தது. அதன் வழியாக ஈறு தெரிந்தது. கண் இரண்டும் என்னையே பார்த்தன. எனக்கு அழுகை வரவில்லை. பல்லில் நூல் அறுபட்ட சத்தம்தான் கேட்டது.

பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் குழந்தையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா வாய்விட்டே கேட்டுவிட்டார். "கிரகணத்தன்னிக்கு ஏதாச்சும் பண்ணிட்டியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் திரும்பினார். "எங்கண்ணு முன்னாலதான் படுத்திருந்தா. ஒரு இமை கொட்டல நானு. வந்தியா, புள்ளயப் பாத்தியா, போய்க்கினே இரு."

அந்த அக்கா போய்விட்டார். நானும் தப்பித்தேன். ஆனால் நன்றி வரவில்லை. குறட்டை விட்டவர் இமை கொட்டவில்லை என்று ஊருக்குச் சொல்கிறாரே, தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இவ்வளவு சத்தம் என்று மனதுக்குள் திட்டினேன். அன்று இரவு வீட்டுக்காரர் மட்டும் மெல்லக் கேட்டார்.

"நீ ஒண்ணும் பண்ணலதானே?"

"இல்ல" என்றேன். அவர் நம்பினார். அவர் நம்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பங்குனியில் பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைக் கொண்டுபோனோம். உப்பளத்தில் வேலை தொடங்கியிருந்ததால் வீட்டுக்காரர் வரவில்லை. மாமியாரும் நானும்தான். டாக்டர் அறைக்குள் ஒருத்தரைத்தான் விட்டார்கள், மாமியார் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே என் வயதில் ஒரு டாக்டரம்மா. குழந்தையின் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலண்ணம் நன்றாக இருக்கிறது, உதடு மட்டும்தான், எடை ஐந்து கிலோ வந்ததும் தைத்துவிடலாம் என்றார். அவர் என்னைத் திட்டாமல் பேசியதில் எனக்குத் தைரியம் வந்தது. கேட்டுவிட்டேன். அங்கேதான் முதன்முதலாக ஒரு ஆளிடம் உண்மையைச் சொன்னேன்.

"கிரகணத்துல ஊசி எடுத்தேங்க டாக்டர்."

"எத்தனாவது மாசம்?"

"அஞ்சு."

அவர் சிரிக்கவில்லை. அதற்கு இன்றும் அவருக்குக் கும்பிடு போடுகிறேன். "இங்க பாரும்மா. கொழந்தைக்கு உதடு ரெண்டாவது மாசத்துலயே சேர்ந்துடும். மூணு மாசத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. நீ ஊசி எடுத்தன்னிக்கு உன் வயித்துல கொழந்தை ஏற்கெனவே இப்படித்தான் இருந்தது. ஏன் இப்படி ஆகுதுன்னு பல பேருக்கு எங்களாலயே சொல்ல முடியல. நீ பண்ணது ஒண்ணும் இல்ல."

வெளியே வந்தேன். கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்திருக்க வேண்டும். பத்தடி நடப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டேன். வைகாசி, ஆனி, ஆடி. அந்த மாதங்களில் நான் உப்பைச் சுமந்துகொண்டிருந்தேன். அப்போ அதுவா? வெயிலா? கூடையா? ஒரு குற்றம் கழன்றதும் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. டாக்டரம்மா ஒன்றும் இல்லை என்று சொன்னதை மட்டும் என் மண்டை எடுத்துக்கொள்ளவே இல்லை.

"என்னா சொன்னாங்க?" என்று மாமியார் எழுந்தார்.

"அஞ்சு கிலோ வரணுமாம்" என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

மற்றதைச் சொல்வதானால் ஊசி எடுத்ததை முதலில் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஐந்து கிலோ என்பது ஒன்றுதான் பேச்சு. குழந்தையால் வாய் மூடிச் சப்ப முடியாது, பிளவு வழியாகக் காற்றுப் போய்விடும். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகப் புகட்ட வேண்டும். ஒரு தடவை புகட்ட ஒரு மணி நேரம். பாதி மூக்கு வழியாக வெளியே வந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடியும். முடித்து நிமிர்ந்தால் அடுத்த தடவை வந்துவிடும். எனக்கு எழுந்து நிற்கும்போது தூக்கம் வந்தது. நான் சரியும்போதெல்லாம் மாமியார் குழந்தையை வாங்கிக்கொள்வார். உப்பளத்திலிருந்து வந்து, கால் கழுவி, அப்படியே உட்கார்ந்துவிடுவார். வெடித்த விரல் குழந்தைமேல் படாமல் பாலாடையை நுனியில் பிடித்திருப்பார். அந்த நாட்களில் அவர் மீனைத் தொடவில்லை. கேட்டதற்குப் பல்வலி என்றார். ஒரு வாய்ச் சோற்றையும் மீன் இல்லாமல் இறக்காதவர். என்ன பல்வலியோ, தனக்குத் தனியாக ரசம் வைக்கச் சொல்லி எனக்கு வேலை வைக்கிறாரே என்று அதற்கும் எரிச்சல்பட்டேன். அவ்வளவு அலுப்பில் யார்மேல் வேண்டுமானாலும் எரிச்சல் வரும், பக்கத்தில் இருப்பவர்மேல் சுலபமாக வரும்.

வாரம் ஒரு தடவை பால்வாடியில் துணித் தொட்டில் தராசில் போடுவோம். மூன்றரை. மூன்று எழுநூறு. ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் குறைந்தே போனது. "உப்பு மண்டியில பெரிய தராசு இருக்குது, அதுல போட்டா கூட நிக்கும்" என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் சிரித்தேன். அந்தப் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் நான் சிரித்ததாக நினைவில் இருப்பது அது ஒன்றுதான்.

ஜவுளிக்கடைப் பையை நான் தொடவில்லை. மழை இல்லாத மாதம் என்பது சாக்கு. வேலைக்குப் போகாததால் கை ஆறித்தான் இருந்தது. சித்திரையில் ஒரு மத்தியானம், குழந்தை தூங்கும்போது, பையை இறக்கி அந்த உறையை எடுத்தேன். மயிலின் கண்ணை ஊசி முனையால் நெம்பிப் பிரித்தேன். முடிச்சுத் தையலைப் பிரிப்பது போடுவதைவிடக் கஷ்டம், இறுகிப் போயிருக்கும். நூல் வந்துவிட்டது, துணியில் ஓட்டை நின்றுவிட்டது. நகத்தால் தேய்த்துப் பார்த்தேன். மூடவில்லை.

மாமியார் தண்ணீர் குடிக்க வந்தவர் நின்று பார்த்தார்.

"அதுக்குக் கண்ணு இருந்துதே?"

"நல்லா வரல. பிரிச்சிட்டேன்."

அவர் சொம்பைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். கண் இருந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. என் பயத்தை மறைப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆடி கடைசியில் தராசு ஐந்தைத் தொட்டது. ஆவணி முதல் வாரத்தில் ஆபரேசன். உள்ளே கொண்டுபோகும்போது குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பிளந்த சிரிப்பைக் கடைசியாகப் பார்க்கிறேன் என்று புரிந்தபோது எனக்கு அது வேண்டும் போல இருந்தது. ஆறு மாதமாக யாருக்கும் தெரியாமல் துண்டால் மூடி மூடிக் கொண்டுபோனது அதைத்தான். யாரிடமும் இதைச் சொல்ல முடியாது, பைத்தியம் என்பார்கள்.

வெளியே கொண்டுவந்தபோது முகம் வீங்கியிருந்தது. உதடு சேர்ந்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். மயிர் அளவு நூல், நீல நிறம். ஏழு தையல். ஒன்றுக்கொன்று இடைவெளி பிசகவில்லை. உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் கோட்டை இரண்டு பக்கமும் ஒட்டவைத்து, அங்கே ஒரு தையலை நிறுத்தியிருந்தார் அந்த டாக்டரம்மா. வேறு எங்கே பிசகினாலும் பரவாயில்லை, அந்தக் கோடு பிசகினால் வாழ்க்கை முழுக்கத் தெரியும். அந்த வேலை தெரிந்தவளுக்குத்தான் அது புரியும். எனக்குப் புரிந்தது. அப்போதுதான் அழுதேன், ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

சாயங்காலம் மாமியார் கீழே போய்ச் சாப்பாடு வாங்கி வந்தார். கட்டிலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார். வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். குழந்தை தூங்கினாள். மறைத்து வைத்ததை அதற்குமேல் என்னால் சுமக்க முடியவில்லை.

"அத்த, கிரகணத்தன்னிக்கு நான் ஊசி எடுத்தேன்."

அவர் பொட்டலத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"நூல பல்லுல கடிச்ச பாரு, அந்தச் சத்தத்துக்குத்தான் முழிச்சேன். கண்ணத் தொறக்கல."

"அப்புறம் ஏன் ஊருக்கெல்லாம் அப்படிச் சொன்னீங்க? என்ன ஒரு வார்த்த திட்டலியே?"

"உன்ன எந்த வாயால திட்டுறது? காவலுக்குக் குந்தினவ நானு. நான்தான் தூங்கிட்டேன். நான் முழிச்சிருந்தா நீ எடுத்திருப்பியா?" கையிலிருந்த சோற்றை மறுபடி இலையில் வைத்தார். "என் தூக்கந்தான் புள்ளைக்கு வந்துடுச்சின்னு இருந்தேன். ஒதடு மூடுற வரைக்கும் மீன் தொட மாட்டேன்னு அம்மனுக்கு வேண்டிக்கினேன். எத்தினி நாளு இந்தப் புள்ள மூஞ்சப் பாக்க முடியாம எந்திரிச்சிப் போயிருக்கேன் தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. கால் கழுவிவிட்டு வருகிறார், பால் புகட்டுகிறார், போகிறார் என்றுதான் பார்த்தேன். அவர் பக்கத்தில் தரையில் இறங்கி உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். உதடு இரண்டாம் மாதத்திலேயே சேர்ந்துவிடும் என்பதை. புரட்டாசிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது என்பதை. நான் ஊசி எடுத்ததாலும் இல்லை, யாரும் தூங்கியதாலும் இல்லை என்பதை.

அவர் விரலை மடக்கி எண்ணினார். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. திரும்ப ஒரு தடவை எண்ணினார்.

"நெசமாவா?"

"ஆமா அத்த."

"டாக்டரம்மா இன்னிக்குச் சொன்னாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் இருந்தது. "இல்ல. மொத தடவ வந்தோமே, பங்குனியில. நீங்க வெளிய பெஞ்சில இருந்தப்ப."

அவர் என்னைப் பார்த்தார். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி என்று இந்தத் தடவை விரலை மடக்காமலே எண்ணியிருப்பார்.

"அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

குரலில் கோபம் இல்லை.